எட்டுப் பேர் கையெழுத்து

எந்த அளம்னு மட்டும் கேக்காதீங்க. உப்பளத்துல வேலைன்னு சொல்லிட்டேன்லா, அது போதும். நீங்க யாரோ, எவரோ. பார்த்தா டீச்சர் மாதிரி இருக்கிய. ஆனா டீச்சர் மாதிரி இருக்கவங்க எல்லாரும் டீச்சராவா இருக்காவ? பிளாரன்ஸும் முதல்ல பார்க்க டீச்சர் மாதிரித்தான் இருந்தா.

கோவிச்சுக்காதீங்க. என் குணம் அப்படி. பஸ்ஸுல பக்கத்துல உக்காந்தவங்க பேரு கேட்டாக்கூட, இவங்க எதுக்குக் கேக்காவன்னு ரெண்டு தடவை யோசிப்பேன். அன்னா பாருங்க, ரயில்வே கேட்டை அடைச்சிட்டான். குட்ஸ் வண்டியா இருந்தா இன்னும் அரைமணி நேரம் இங்கனதான் கிடக்கணும். கேட்டதுக்காகச் சொல்லுதேன். எம்பேரு சண்முகக்கனி. இதையே ரொம்ப யோசிச்சுத்தான் சொல்லுதேன், பாத்துக்கோங்க.

இருபத்தாறு வருஷமா உப்பு வாருதேன். வீட்டுக்காரர் லாரியில மூட்டை ஏத்திக்கிட்டு இருந்தாவ. இடுப்பு போயிட்டு, இப்ப வீட்லதான். எனக்கு முழங்கால் போயிட்டு. பாத்தியில வெறுங்காலோட இறங்கிப் பலகையை இழுத்து இழுத்து, அந்தத் தண்ணி எலும்பு வரைக்கும் இறங்கிரும்.

நான் ஏன் எவரையும் நம்ப மாட்டேன்னு கேட்டா அதுக்கு ஒரு காரணம் இருக்கு. பன்னெண்டு வருஷத்துக்கு முந்தி ஒரு ஸ்ட்ரைக் நடந்தது. பத்தொம்பது நாள். ஒரு தலைவர் இருந்தாரு, மைக்கைப் பிடிச்சாருன்னா நமக்கே உடம்பு சிலுத்துரும். பத்தொம்பதாம் நாள் பேச்சுவார்த்தைன்னு முதலாளி வீட்டு மாடிக்கு ஏறினாரு. இறங்கி வரும்போது ஸ்ட்ரைக் முடிஞ்சிட்டு. நாங்க கேட்டது கூலி. கிடைச்சது ஆளுக்கு ஒரு சேலை. பச்சை சேலை, மஞ்சக் கரை. ஊரே அதைக் கட்டிக்கிட்டுத் திரிஞ்சுது. நான் கட்டல. கரித்துணியாக் கிழிச்சுப் போட்டேன். அன்னைக்கு எடுத்த முடிவுதான், இனி எவன் வந்து நல்லது செய்யுதேன்னு சொன்னாலும் முதல்ல அவன் கையைப் பார்க்கணும், பொறவுதான் மூஞ்சியைப் பார்க்கணும்னு.

பிளாரன்ஸ் வந்தது போன மாசி மாசம். சீசன் ஆரம்பம். விடியக்காலம் அஞ்சரை மணிக்கு அளத்துக்குப் போற பாதையில ஸ்கூட்டியை நிறுத்திக்கிட்டு நிக்கா. முப்பத்தஞ்சு வயசு இருக்கும். பருத்திச் சேலை, ஒரு துணிப்பை.

"அக்கா, உப்பளத்துக்குன்னு அரசாங்கம் ஒரு குறைஞ்ச கூலி போட்டிருக்கு, தெரியுமா? உங்க அளத்துல அதைவிடக் குறைச்சுத் தாராவ. அந்தக் கூலியே பத்தாது, அதைக் கூட்டணும்னு சங்கம் கேக்குது. நீங்கள்லாம் சேர்ந்து கேட்டாத்தான் நடக்கும்" அப்படிங்கா.

நான் கேட்டேன், "நீ எதுக்குக் கேக்க? நீயா உப்பு வாருத?"

"எங்க அம்மை வாரினா."

"எந்த அளத்துல?"

சொன்னா. நான் சும்மா விட்டேனா? ஞாயித்துக்கிழமை பஸ்ஸேறி அந்த அளத்துப் பக்கம் போயி விசாரிச்சேன். உண்மைதான். அவ அம்மை முப்பது வருஷம் அங்க வாரி, கண்ணு தெரியாமப் போயி, செத்துப் போயிருக்கா. ஆனா உண்மையா இருந்ததுதான் எனக்கு இன்னும் இடிச்சுது. பொய் சொல்ல வாரவ முன்னால ஒரு உண்மையைத்தானே வைப்பா? இல்லன்னா யாரு நம்புவா?

இன்னொண்ணு, அவ சந்தா கேக்கல. சந்தா கேட்டிருந்தா, சரி, வயித்துப்பாட்டுக்கு வந்திருக்கான்னு நம்பியிருப்பேன். "முதல்ல கூலி ஏறட்டும் அக்கா, சந்தாவைப் பொறவு பாத்துக்கிடலாம்"னுட்டா. எவளாவது இப்படிச் சொல்லுவாளா? காசு வாங்காதவளுக்கு வேற எங்கயோ இருந்து காசு வருதுன்னுதானே அர்த்தம்?

எங்க காலையெல்லாம் போட்டோ எடுத்தா. வெடிப்பு, புண்ணு எல்லாம். அதிகாரிகிட்ட காட்டணுமாம். எல்லாவளும் காலை நீட்டிக்கிட்டு உக்காந்திருந்தாளுவ. நான் சேலையை இழுத்து மூடிக்கிட்டேன். என் காலு எங்க போகுது, யாரு பார்க்கான்னு எனக்கு எப்படித் தெரியும்?

ஒரு நாள் டீக்கடையில வச்சு எங்க கணக்கப்பிள்ளையோட அவ நின்னு பேசுறதைப் பார்த்துட்டேன். கணக்கப்பிள்ளைன்னா அளத்துல எங்களை வேலை வாங்குறவரு. பொன்னுலிங்கம் அண்ணாச்சி. மறுநாள் அவகிட்டயே கேட்டேன், "அவருகூட உனக்கு என்ன சிரிச்சுப் பேச்சு?"ன்னு.

"ஸ்கூட்டி இனிமே அளத்துப் பாதையில வந்தா டயரு இருக்காதுன்னு சொன்னாரு அக்கா. அவருதான் சிரிச்சாரு. நான் சிரிக்கல."

இதுக்கு என்ன சொல்லுவிய? பதிலெல்லாம் டக்கு டக்குன்னு வரும். பதில் டக்குன்னு வாரவங்களை எனக்குப் பிடிக்காது.

ஆனா சீனியம்மா நம்பிட்டா. சீனியம்மா என் கூட்டாளி. இருபத்திரண்டு வருஷமா அவ பாத்திக்குப் பக்கத்துப் பாத்தி நான். எம்மவ பிள்ளை பெத்தப்போ ஆஸ்பத்திரியில ஆறு நாள் எங்கூட வராந்தாவுல கிடந்தவ. சிரிச்சான்னா அம்பாரத்துல நிக்க காக்கா பறக்கும். அம்பாரம்னா வாரின உப்பைக் குமிச்சு வைக்கோம்லா, அதுதான். அவ சொன்னா, "ஏட்டி கனி, நமக்கு இல்லாட்டியும் போகட்டும், நம்ம பிள்ளையளுக்காவது இந்த வேலைக்கு ஒரு மதிப்பு வரட்டுமே." நான், "உன் பிள்ளை இந்த வேலைக்கா வரப்போறான், டிப்ளமா படிக்கான்"னேன். அதுக்கும் சிரிச்சா.

சித்திரையில ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம் சீனியம்மா வீட்ல கூடினாவ. எங்க அளத்துல சட்டப்படி கூலி தரல, விசாரிக்கணும்னு தொழிலாளர் ஆபீசுக்கு ஒரு மனு. எட்டுப் பேரு கையெழுத்துப் போட்டாவ. அதுல ரெண்டு கைநாட்டு. ஒன்பதாவதா அங்க இருந்தது நான். டீ போட்டுக்கிட்டு இருந்தேன். பிளாரன்ஸ் பேப்பரை எம்பக்கம் தள்ளினா. "டீக்குச் சீனி போடணும்"னு எந்திரிச்சிட்டேன்.

அவ "கட்டாயம் இல்ல அக்கா"ன்னா. பொறவு எல்லாருக்கும் சேர்த்துச் சொன்னா, "அதிகாரி விசாரணைக்கு வாரவரைக்கும் இந்தப் பேரு வெளிய போகக் கூடாது. போனா முதல்ல வேலைக்குத்தான் கேடு."

பார்த்தியளா, நான் அப்பவே நினைச்சேன். நாளைக்குப் பேரு வெளிய போச்சுன்னா எவ மேலயாவது பழியைப் போடுததுக்கு இப்பவே சொல்லி வைக்கான்னு.

அதுக்கு அடுத்த புதன்கிழமை, நல்ல வெயில்ல, பொன்னுலிங்கம் அண்ணாச்சி வரப்புல நின்னு கூப்பிட்டாரு. "முழங்கால் எப்படி இருக்கு கனி?"ன்னாரு. இருபத்தாறு வருஷத்துல என் முழங்காலைப் பத்திக் கேட்ட ஒரே ஆளு அவருதான், அதைச் சொல்லணும். அவரு குடிக்க வச்சிருந்த கேன் தண்ணியைக் குடுத்தாரு. அந்தப் பொண்ணு வருதாமே, என்ன பேசுதான்னு கேட்டாரு. ரெண்டு வார்த்தை பேசினோம். அவ்வளவுதான். அவரு ஒண்ணும் மோசமான ஆளு இல்ல. அவருக்கும் குடும்பம் இருக்குலா.

அடுத்த திங்கள்ல இருந்து என்னைப் பாக்கெட் போடுற ஷெட்டுக்கு மாத்திட்டாவ. மேல தகரம், உக்காந்து செய்யுத சோலி. என் முழங்காலுக்காக மாத்தினது. யாரும் தப்பா ஒண்ணும் சொல்லல. சீனியம்மா சந்தோசப்பட்டா. "இனியாவது உன் காலு காயட்டும்ட்டி"ன்னா.

அதே வாரத்துல சீனியம்மாகிட்ட, "இன்னைக்கு வேலை இல்ல, பொறவு சொல்லி விடுதோம்"னு சொல்லிட்டாவ. மறுநாள் இன்னும் ரெண்டு பேரு. சனிக்கிழமைக்குள்ள எட்டும் போச்சு. கையெழுத்துப் போட்ட எட்டு. ஒண்ணு கூடல, ஒண்ணு குறையல.

நீங்களே சொல்லுங்க, எனக்கு எப்படி இருந்திருக்கும்? சந்தேகப்பட்டேன், சந்தேகப்பட்டேன், கடைசியில நடந்தே போச்சு. நான் சொன்னா யாரு கேட்டா?

வேதக்கோயில், அதான் சர்ச்சு, அதுக்குப் பக்கத்துல இருக்க சமுதாயக் கூடத்துல கூட்டம் போட்டா பிளாரன்ஸ். நாலஞ்சு அளத்துல இருந்து ஒரு இருநூறு பொம்பளையாள் வந்திருந்தாவ. எட்டுப் பேருக்காக எல்லாரும் வேலையை நிறுத்தணும்னு பேசிக்கிட்டு இருந்தா. நான் எந்திரிச்சேன். என் வாழ்நாள்ல ஒரு கூட்டத்துல எந்திரிச்சுப் பேசினது அன்னைக்குத்தான்.

"ஏம்மா, மனுவுல பேரு இருந்தது எட்டுப் பேருக்குத் தெரியும். பேப்பரைக் கொண்டுபோன உனக்குத் தெரியும். எட்டுப் பேரும் வேலையில்லாம நிக்காவ. நீ மட்டும் ஸ்கூட்டியில வந்து இறங்குத. பேரைக் குடுத்தது யாரு?"

எட்டுப் பேரும் முன் வரிசையில இருந்தாவ. பிளாரன்ஸ் ஒவ்வொருத்தரையா பார்த்தா. கண்ணாலயே எண்ணினா. எட்டு வரைக்கும் எண்ணிட்டு, நிமிந்து என்னையப் பார்த்தா. ஒன்பதுன்னு அவ சொல்லியிருக்கலாம். டீ போட்டவளுக்கும் தெரியும்னு ஒரு வார்த்தை போதும். சொல்லல.

சீனியம்மா எந்திரிச்சு வெளிய போனா. திரும்பி வரும்போது ரெண்டு கையிலயும் மண்ணு. பிளாரன்ஸ் மேல தூத்தினா. "நீ நல்லா இருப்பியாட்டி? என் பிள்ளைக்கு இன்னும் ஒரு வருஷம் பீஸ் கட்டணும்ட்டி"ன்னு கத்தினா. பிளாரன்ஸ் தலையில, சேலையில, அந்தத் துணிப்பையில எல்லாம் மண்ணு. தட்டிக்கூட விடல. அப்படியே ஸ்கூட்டியை எடுத்துக்கிட்டுப் போயிட்டா.

எங்க அளத்துல சங்கம் அன்னைக்கோட முடிஞ்சுது. சீனியம்மா கருவாட்டு ஷெட்டுக்கு மீன் வெட்டப் போனா, பாதிக் கூலிக்கு. ரெண்டு பேரு செங்கச் சூளைக்கு. மத்தவங்க வீட்ல.

மத்த அளத்துக்காரங்க விடல. ஊர்வலம் போனாவ, கலெக்டர் ஆபீஸ் முன்னால உக்காந்தாவ, பாத்தியில கால் வைக்க மாட்டோம்னு ஒம்பது நாள் நின்னாவ. பிளாரன்ஸும் அங்கதான் நின்னாளாம். நான் போகல. கடைசியில ஆவணி மாசம் உத்தரவு வந்தது. குறைஞ்ச கூலியை ஏத்தியாச்சு, எல்லா அளமும் கண்டிப்பா குடுக்கணும்னு. எங்க அளத்துலயும் குடுத்தாவ. ஷெட்டுல இருக்க எனக்கும்.

அந்தச் சனிக்கிழமை பொன்னுலிங்கம் அண்ணாச்சி கவரை எங்கையில தந்துட்டு, பக்கத்துல யாரும் இருக்காவளான்னு பார்த்துக்கிட்டு, மெதுவாச் சொன்னாரு. "ஊர் முழுக்க கலாட்டா ஆனப்போகூட நம்ம அளம் அமைதியா இருந்துச்சே, அது உன்னாலதான் கனி. அன்னைக்கு அந்த எட்டுப் பேரை நீ சொல்லலேன்னா என்ன ஆயிருக்கும்? முதலாளி உன் பேரை ஞாபகம் வச்சிருக்காரு."

முதலாளிக்கு எம்பேரு தெரியுமாம். இருபத்தாறு வருஷமாத் தெரியாத பேரு.

என்ன பாக்கிய? நான் சொன்னேன்னு சொல்ல முடியாது. வரப்புல நின்னு அவரு ஒவ்வொரு பேராக் கேட்டாரு. இவளா, அவளான்னு. நான் ஆமான்னும் சொல்லல, இல்லன்னும் சொல்லல. இல்லாத பேருக்கு இல்லன்னேன். இருக்க பேருக்குச் சும்மா நின்னேன். சீனியம்மான்னாரு. சும்மா நின்னேன். பிளாரன்ஸ் எப்படிப்பட்டவன்னு இவரு மூலமாத் தெரிஞ்சுக்கிடலாம்னுதான் பேச்சுக் குடுத்தேன். நான் அவரை நோட்டம் பார்க்கேன்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன். அவரு மூஞ்சியைப் பார்த்தேன், பாருங்க. கையைப் பார்க்கல.

நாலாம் நாள் பிளாரன்ஸ் வீட்டை விசாரிச்சுப் போனேன். ஒரே அறை. மண்ணெண்ணெய் அடுப்பு, ஒரு கட்டில், சுவர்ல அவ அம்மை போட்டோ. காசு எங்க ஒளிச்சு வச்சிருப்பான்னு அப்பவும் என் கண்ணு தேடுச்சு. பொய் சொல்ல மாட்டேன்.

"நான்தான்"னேன்.

"அன்னைக்கே தெரியும் அக்கா"ன்னா.

"பின்ன ஏன் சொல்லல? மண்ணை வாங்கிக்கிட்டு ஏன் போன?"

"நான் சொல்லியிருந்தா நீங்க ஒம்பது பேரும் அங்கயே அடிச்சுக்கிட்டிருப்பிய. இனி எந்தச் சங்கத்துக்கும் ஒருத்தி பக்கத்துல ஒருத்தி உக்கார மாட்டிய. பழி எம்மேல வந்தா நான் ஒருத்தி போவேன், அவ்வளவுதானே?"

இப்படி ஒரு மனுசி இருப்பாளா? நீங்க படிச்சவங்க, சொல்லுங்க. அவளுக்கு இதுல என்ன லாபம்னு நான் இன்னும் யோசிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன். கண்டுபிடிக்க முடியல.

அவ ஒண்ணு சொன்னா. எட்டுப் பேருக்கும் வேலையைத் திருப்பி வாங்க வழி இருக்காம். கையெழுத்துப் போட்டதாலதான் நிறுத்தினாவன்னு அதிகாரி முன்னால சொல்லணும். ஆனா எட்டுப் பேரும் அவ மூஞ்சியில முழிக்க மாட்டேங்காவ. ஆள் அனுப்பினா கதவைச் சாத்துதாவ. "நீங்க போயி உண்மையைச் சொன்னா வருவாவ அக்கா"ன்னா.

போனேன். நேத்து சாயங்காலம். கருவாட்டு ஷெட்டுல சீனியம்மா தரையில உக்காந்து சாளை மீனு வெட்டிக்கிட்டு இருந்தா. என்னையப் பார்த்ததும் சிரிச்சா. ஆனா பழைய சிரிப்பு இல்ல. பக்கத்துல உக்காந்தேன். சொன்னேன். வரப்பு, கேன் தண்ணி, ஒவ்வொரு பேரு, எல்லாம்.

கத்தியைக் கீழ வச்சா. அடிக்கப் போறான்னு நினைச்சேன். அடிச்சா வாங்கிக்கிடணும்னுதான் போனேன்.

"எவ்வளவு குடுத்தா?"ன்னு கேட்டா.

"யாரு?"

"அந்தப் பிளாரன்ஸ். உன்னை இப்படிச் சொல்லச் சொல்லி எவ்வளவு குடுத்தா?"

"ஏட்டி, நான்தான்ட்டி. சத்தியமா நான்தான்."

"இருபத்திரண்டு வருஷம்ட்டி. உன்னை எனக்குத் தெரியாதா? பச்சை சேலையைக் கிழிச்சவ நீ. நீயா காட்டிக் குடுப்ப? வீட்டுக்காரருக்கு வைத்தியத்துக்கு வேணும்னா எங்கிட்ட கேட்டிருக்கலாமேட்டி. அவகிட்டப் போயா கை நீட்டுவ?"

அழுதா. எனக்காக அழுதா. நான் என்ன சொன்னாலும் காதுல ஏறல. அந்தச் சந்தேகத்தை அவ மனசுல போட்டது நான்தானே, இப்ப நானே பிடுங்கினாலும் வரல. எந்திரிச்சு வரும்போது பேப்பர்ல நாலு மீனைப் பொதிஞ்சு தந்தா. "பிள்ளையளுக்குக் குழம்பு வையி. அந்தக் காசை மட்டும் திருப்பிக் குடுத்துரு"ன்னா. அந்த மீனை என்ன செய்யன்னு தெரியாம ராத்திரி பூரா அடுப்பங்கரையிலயே வச்சிருந்தேன்.

அதனால இப்ப நான் மட்டும் போறேன், தொழிலாளர் ஆபீசுக்கு. எட்டுப் பேரும் வராட்டியும் நான் ஒருத்தி போயிச் சொன்னா அதுக்கு ஒரு மதிப்பு உண்டுன்னு பிளாரன்ஸ் சொன்னா. நான் சொல்லச் சொல்ல எழுதித் தந்திருக்கா. இந்தா, இந்தப் பேப்பர். எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும், வாசிக்கத் தெரியாது. ரயில்வே கேட்டைத் திறக்குறதுக்குள்ள கொஞ்சம் வாசிங்களேன். சத்தமா வேண்டாம், எங்காதுக்கு மட்டும். நான் சொன்னதைத்தான் எழுதியிருக்காளான்னு பார்க்கணும்.

ம். ம். ஆமா, புதன்கிழமைதான். ம்.

இருங்க. அதைத் திரும்ப வாசிங்க.

"வேலை போய்விடும் என்ற பயத்தினால்"னா போட்டிருக்கா? பயத்தினால்னு நான் சொல்லலையே. அவளா எம்மேல இரக்கப்பட்டு எழுதியிருக்கா.

எனக்குப் பயம் ஒண்ணும் இல்ல. அவரு மிரட்டல. "பாக்கெட் ஷெட்டுக்கு ஒரு ஆளு வேணும் கனி, யாரைப் போடன்னு யோசிக்கேன்"னாரு. பொறவுதான் பேரெல்லாம் கேட்டாரு. அந்த வரிசையிலதான் நடந்தது. இதை நான் அவகிட்டயும் சொல்லல, சீனியம்மாகிட்டயும் சொல்லல.

உங்கட்ட பேனா இருக்கா? அந்தப் பயத்தை அடிங்க. அடிச்சிட்டு, அதுக்கு மேல, நிழல்ல வேலை கிடைக்கும்னு சொன்னேன்னு எழுதுங்க. ஆமா. சொன்னேன்னே எழுதுங்க. சும்மா நின்னேன்னு வேண்டாம்.

எழுதிட்டியளா? வாசிச்சுக் காட்டுங்க. கோவிச்சுக்காதீங்க, நீங்க என்ன எழுதினியன்னு எனக்கு எப்படித் தெரியும்?